எல்லாரும் தங்கும் வளை

ஆற்றங்கரைக் காடு ஒன்றில் மைனாவும் முள்ளம்பன்றியும் கூட்டாகத் தொழில் செய்துவந்தன. வளை வேண்டிய விலங்குகளிடம் பேசி வேலை பிடிப்பது மைனா. தோண்டுவது முள்ளம்பன்றி. கூலியாக வரும் கிழங்கு முள்ளம்பன்றிக்கு, புல்லரிசி மைனாவுக்கு.

அந்தக் கோடையில் செந்நாய்கள் வந்து முயல் கூட்டத்தில் பாதியைத் தின்றுவிட்டுப் போயிருந்தன. மிஞ்சிய முயல்கள் மைனாவிடம் வந்து, எல்லாரும் ஒன்றாக ஒளிந்துகொள்ள ஒரே பெரிய வளை வேண்டும் என்றன.

"அமாவாசைக்குள் தயார்" என்றது மைனா. முள்ளம்பன்றியை அது கேட்கவே இல்லை.

முள்ளம்பன்றி கரை மணலை நகத்தால் கிளறிப் பார்த்தது. "இங்கே பெரிய வளை ஆகாது" என்றது. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மண்ணைப் பற்றி மைனாவுக்கு என்ன புரியப்போகிறது என்று நினைத்தது.

"முதுகு நிறைய முள் இருக்கிறது அண்ணா, வேலையில்தான் கூர்மை இல்லை" என்று மைனா கேலி செய்தது.

முள்ளம்பன்றி முகம் சுளித்தபடி தோண்டப் போனது.

மைனாவும் ஒன்றை மறைத்தது. செந்நாய்கள் அக்கரைக்குத் திரும்பி வந்துவிட்டதை அது பறக்கும்போதே பார்த்திருந்தது. சொன்னால் முயல்கள் காட்டைவிட்டே ஓடிவிடும், வேலை போய்விடும் என்று பயந்தது. தினமும் வந்து, சீக்கிரம் சீக்கிரம் என்று மட்டும் அவசரப்படுத்தியது.

ஒரு மாலை, ஆற்றின் அக்கரையிலிருந்து சீழ்க்கை போன்ற சத்தம் கேட்டது. செந்நாய்கள் ஒன்றையொன்று கூப்பிடும் சத்தம்.

முயல்கள் குட்டிகளைத் தள்ளிக்கொண்டு வளைக்குள் புகுந்தன. கூரையிலிருந்து மணல் பொலபொலவென்று குட்டிகளின் காதுகளில் உதிர்ந்தது.

"எல்லாரையும் வெளியே வரச் சொல்" என்றது முள்ளம்பன்றி, பறந்து வந்த மைனாவிடம். "இது வெறும் மணல். மேலே யாராவது நடந்தாலே கூரை இறங்கிவிடும்."

"இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?"

"நாய்கள் வருவது தெரிந்துதானே தினமும் அவசரப்படுத்தினாய்? அதை நீ சொன்னாயா? தெரிந்திருந்தால் மருத மரத்தின் வேருக்கடியில் சின்னச் சின்னப் பொந்துகளாகத் தோண்டியிருப்பேன். வேர் கூரையைத் தாங்கும்."

மைனா முயல்கள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தது. "ஒரே வளை என்று வாக்குக் கொடுத்துவிட்டேனே."

"அதை நீ விட்டுவிடு. ஆழமாகத் தோண்டும் என் வழக்கத்தை நானும் விட்டுவிடுகிறேன். எனக்குப் பிடிக்காத அரைகுறை வேலைதான். ஆனால் நாயின் தலை உள்ளே நுழையாது."

மைனா முயல்களிடம் போய், பெரிய வளை கிடையாது, குடும்பத்துக்கு ஒரு பொந்துதான் என்று தலைகுனிந்து சொல்லி, எல்லாரையும் மருத மரத்தடிக்கு அழைத்து வந்தது. பிறகு மருத மரத்தின் உச்சியில் உட்கார்ந்து, நாய்கள் எங்கே வருகின்றன என்று சொல்லிக்கொண்டே இருந்தது. ஆற்றில் இறங்கிவிட்டன. நாணலுக்குள் நுழைந்துவிட்டன. கீழே முள்ளம்பன்றி நகம் உடைய உடையத் தோண்டியது.

கடைசி முயல் பொந்துக்குள் நுழையவும் நாய்கள் கரையேறவும் சரியாக இருந்தது. அவை மோப்பம் பிடித்து நேரே பெரிய வளைக்குப் போய் அதன்மேல் ஏறின. கூரை தொப்பென்று உள்ளே விழுந்தது. மணலில் புதைந்த நாய்கள் மிரண்டு, திமிறி எழுந்து, வந்த வழியே ஓடின.

அந்தச் சத்தம் வேர்களுக்கடியில் எல்லாப் பொந்துகளிலும் கேட்டது. தாய் முயல்கள் குட்டிகளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டன.

சில நாள் கழித்து ஓர் உடும்பு வளை கேட்டு வந்தது. எப்போது கிடைக்கும் என்றது.

"அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றது மைனா.

புதருக்குள்ளிருந்து முள்ளம்பன்றியின் குரல் வந்தது. "அவசரம் எதற்கென்று நீயும் கேட்டு வை. இந்த மண் எப்படி என்று நான் வந்து சொல்கிறேன்."

நீதி: 'வேண்டும்' என்பவரும் 'முடியாது' என்பவரும் காரணத்தைச் சொல்லிக்கொண்டால்தான், இருவரும் விட்டுக்கொடுக்க வழி பிறக்கும்.