இடது கால்

மாசிலாமணி தன் மனைவி குமுதவல்லியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் பார்த்தது அவளுடைய பாதத்தை மட்டும்தான். கையில் விரித்து வைத்திருந்த புத்தகத்தின் மேல் விளிம்புக்கு அப்பால் அது தெரிந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். வலது கால் முடிந்துவிட்டது. இடது காலுக்குக் குனிய மூச்சு இடம் தரவில்லை.

“இந்தக் காலை மட்டும் வெட்டி விடுங்களேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை” என்றாள்.

வெள்ளிக்கிழமை நகம் வெட்டினால் வீட்டை விட்டு லட்சுமி போய்விடுவாள் என்பது அவள் நம்பிக்கை.

அவர் அப்போது ருஷ்யாவில் இருந்தார். நாற்பது வருஷமாக அவர் திரும்பத் திரும்பப் படித்துவந்த ஒரு ருஷ்ய நாவலாசிரியரின் தடித்த புத்தகம். அதில் ஒரு ஜமீன்தார், அடுத்தவருக்கென்று வாழாத வாழ்வு வாழ்வே இல்லை என்று கண்டுகொள்கிற இடம். படிக்கும்போதெல்லாம் அவருக்குக் கண் கலங்கும். அன்றும் கலங்கியிருந்தது.

“இந்த அத்தியாயம் முடியட்டும்” என்றார், தலையைத் தூக்காமல்.

பதினொரு பக்கம். முடித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது அவள் சாய்ந்து படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். நாலு மணிக்குக் காப்பி போட்டுக் கொண்டுபோய் எழுப்பினார்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து குளிப்பாட்டினார்கள். மஞ்சள் பூசினார்கள். வழக்கப்படி கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டினார்கள். ஒரு விரலில் நகம் ஒட்ட வெட்டியிருந்தது. இன்னொன்றில் வளர்ந்திருந்தது. வந்தவர்கள் எல்லாரும் முகத்தைப் பார்த்து அழுதார்கள். அவர் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“கடைசியா ஏதாவது சொன்னாங்களா?” என்று கேட்டார்கள்.

“நான் கொஞ்சம் அசந்துட்டேன்” என்றார்.

எட்டு மாதம் கழித்து அவர் தாண்டவராயனைத் தேடிப் போனார்.

தென்பெண்ணைக் கரையில், ஆற்றில் தண்ணீரைவிட மணல் அதிகமாக இருக்கிற இடத்தில், ஓடு வேய்ந்த நீளமான கட்டடம் ஒன்று. கேட்பாரற்ற கிழவர்கள் ஏழு பேர் அங்கே இருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள நாலைந்து பேர். தாண்டவராயன் அவர்களில் ஒருவர். பதினாறு வருஷம் லாரி ஓட்டியவர். வயது நாற்பத்தேழு, மாசிலாமணியைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஊர்க்காரர்கள் அவரைச் சாமி என்றார்கள். எப்படிச் சாமியானீர்கள் என்று யாராவது கேட்டால், “நான் எங்கங்க ஆனேன்? வண்டி இங்க வந்து நின்னுபோச்சு. ஸ்பேர் பார்ட் இன்னும் வரல” என்பார்.

அந்த இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கை சும்மா இருக்கும்போது கேட்கிற கேள்விக்குப் பதில் கிடையாது.

இது தெரியாமல், பையைக்கூட இறக்கி வைக்காமல் மாசிலாமணி ஆரம்பித்தார்.

“சாமி, ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் நான். ஒரே ஒரு விஷயம் கேக்கணும்.”

“கையில வேலை இருக்கணுங்க ஐயா. அப்பதான் இங்க பேச்சு.”

“புத்தகம் வெச்சிருக்கேனே.”

“அது கண்ணுக்கு வேலைங்க.”

ஒரு முறத்தில் அரிசியைக் கொட்டி அவர் முன்னால் தள்ளினார். எதிரே தானும் ஒரு முறத்தோடு உட்கார்ந்தார். மாசிலாமணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் அமர்ந்து கல் பொறுக்கத் தொடங்கினார். முறத்தில் கால்வாசி ஆன பிறகுதான் பேச்சு வந்தது.

“என் சம்சாரம் சாகும்போது நான் பக்கத்துலயேதான் இருந்தேன் சாமி. படிச்சிக்கிட்டிருந்தேன். கூப்பிட்டிருக்கா. காதுல விழல.”

“காதுல விழல.”

“விழல. அவ என்னை மன்னிச்சிருப்பாளா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும். எட்டு மாசமா ஒரு வாய் சோறு ருசியா எறங்கல. உங்க வாயால ஒரு வார்த்தை சொன்னா ஊருக்குத் திரும்பிடுவேன்.”

தாண்டவராயன் ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். கல்தான். வெளியே எறிந்தார்.

“காதுல விழலன்னா, மன்னிக்கிறதுக்கு அதுல என்னங்க இருக்கு?”

மாசிலாமணியின் விரல்கள் அரிசிக்குள் நின்றுபோயின.

“அந்தப் புத்தகத்த நம்ம கோதண்டம் ஐயாவுக்கு வாசிச்சுக் காட்டுங்களேன்” என்றார் தாண்டவராயன். “மத்தியானம் ஆனா அவருக்குப் பொழுது போகமாட்டேங்குது. எல்லாரையும் திட்டிக்கிட்டே இருக்காரு.”

கோதண்டம் கடைசிக் கட்டிலில் கிடந்தார். ஒரு காலத்தில் ரைஸ்மில் வைத்திருந்தவர். வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. வலது கை, வலது கால் இரண்டும் இருப்பதே அவருக்குத் தெரியாது. பிள்ளைகள் ஆட்டோவில் கூட்டிவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. நாக்கு மட்டும் பழுதாகவில்லை.

“யாருடா நீ?”

“போஸ்ட்மாஸ்டரா இருந்தேன்.”

“எனக்கு எவனாவது லெட்டர் போட்டிருக்கானா?”

“இல்ல. கதை படிச்சுக் காட்டச் சொன்னாங்க.”

“லெட்டர் இல்லாத போஸ்டாபீஸ்! சரி, படிடா.”

தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் மாசிலாமணி படித்தார். கோதண்டம் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு குறுக்குக் கேள்வி போட்டார்.

“அந்த ஜமீனு நெலத்தக் குடியானவனுக்குக் குடுத்துட்டானா?”

“மனசளவுல முடிவு பண்ணிட்டாரு.”

“பட்டா யாரு பேருல இருக்கு?”

“இன்னும் அவர் பேர்லதான்.”

“அப்ப நீ எதுக்குடா அழுவுற?”

நடுநடுவே முதுகு சொறியச் சொன்னார். எச்சில் துப்பக் கிண்ணம் கேட்டார். கிண்ணம் வர நேரமானால் தரையில் துப்பினார். நாலாம் நாள் மாசிலாமணிக்குத் தாங்கவில்லை. அவரைக்காய் நாரெடுக்கிற சாக்கில் தாண்டவராயன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“அந்த மனுஷன் வேண்டாம் சாமி. வேற யாருக்காவது படிக்கிறேன். பிள்ளைங்க கொண்டாந்து விட்டதுல தப்பே இல்ல.”

“படிக்கும்போது உங்களுக்குக் கண்ணுல தண்ணி வருதாமே. கோதண்டம் ஐயா சொன்னாரு.”

“வரும். அந்த ஜனங்கமேல எனக்கு உசிரு சாமி. நாற்பது வருஷத்துப் பழக்கம்.”

“அவங்க உங்கள டேய்னு கூப்பிடறதில்ல.”

மாசிலாமணி இரண்டு அவரைக்காயை ஒடித்தார்.

“நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலியே.”

“நீங்க இன்னும் கேக்கலீங்க ஐயா.”

இனி இங்கே கிடைப்பதற்கு எதுவும் இல்லை, சனிக்கிழமை காலை பஸ்ஸுக்குப் போய்விடுவது என்று அவர் தீர்மானித்துக்கொண்டார். மனதில் கோபம்கூட இல்லை. களைப்புதான் இருந்தது. போய்ச் சேர்கிற வீட்டில் அந்தக் கட்டில் இருக்கும். அதை நினைத்தால் இன்னும் களைப்பாக இருந்தது.

வியாழக்கிழமை கோதண்டம் படிப்பை நடுவில் நிறுத்தினார்.

“இத எழுதுனவன் ஆளு எப்படிடா? நல்லபடியா செத்தானா?”

மாசிலாமணிக்கு அது நன்றாகத் தெரியும். சொன்னார்.

“எண்பத்திரண்டு வயசு. எல்லாத்தையும் விட்டுறணும்னு வீட்ட விட்டுக் கெளம்பிட்டாரு. ரயில்ல போகும்போது ஜுரம் வந்திடுச்சு. ஒரு சின்ன ஸ்டேஷன்ல எறங்கி, ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுல படுத்தாரு. அங்கதான் உயிர் போச்சு.”

“பொண்டாட்டி இல்லியா?”

“தேடிக்கிட்டு வந்தாங்க. கூட இருந்தவங்க உள்ள விடல. வெளியில நின்னு ஜன்னல் வழியா எட்டிப் பாத்தாங்களாம். அவருக்கு நெனவு தப்புன பிறகுதான் உள்ள விட்டாங்க.”

வசவு வரும் என்று மாசிலாமணி காத்திருந்தார். வரவில்லை. கோதண்டம் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

“குளுரு ஊராச்சேடா அது.”

“ஆமா. நவம்பர் மாசம் வேற.”

“கால்ல ஏதாவது போட்டிருந்தாளா அந்தம்மா?”

மாசிலாமணிக்குத் தெரியவில்லை. நாற்பது வருஷத்தில் அந்த மனிதரைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறார். அந்த ஜன்னலைப் பற்றியும் படித்திருக்கிறார். அதற்கு வெளியே நின்ற கால்களைப் பற்றி ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

மறுநாள் மத்தியானம் வெயில் ஓட்டுக்கு மேலே ஏறி நின்றது. காற்று இல்லை. பக்கத்துக் கட்டிலில் ஒருவரைப் புரட்டிப் படுக்கவைத்துத் தாண்டவராயன் முதுகு துடைத்துக்கொண்டிருந்தார். மாசிலாமணி கடைசி நாள் என்பதால் அந்த அத்தியாயத்தை எடுத்திருந்தார். ஜமீன்தார் கண்டுகொள்கிற இடம். குரல் தானாகத் தழைந்தது. இரண்டு பக்கம் போயிருக்கும்.

“டேய் போஸ்டாபீஸ். கால் நகத்தக் கொஞ்சம் வெட்டி விடுடா. நூலு மாட்டிக்கிட்டு போர்வைய இழுக்க முடியல.”

“இந்த அத்தியாயம் முடியட்டும்” என்றார் மாசிலாமணி, தலையைத் தூக்காமல்.

சொன்ன பிறகு அடுத்த வரிக்குப் போனார். அந்த வரி ஓடவில்லை. எழுத்து எழுத்தாக நின்றது. மறுபடி முதலிலிருந்து படித்துப் பார்த்தார். அப்போதும் நின்றது.

கண்ணை உயர்த்தினார். புத்தகத்தின் மேல் விளிம்புக்கு அப்பால் ஒரு பாதம் தெரிந்தது.

அது கோதண்டத்தின் பாதம். வெடித்து, கறுத்து, நகங்கள் மஞ்சளாக மடங்கி வளர்ந்திருந்தன. சுண்டுவிரல் நகத்தில் போர்வையின் நீல நூல் ஒன்று சுற்றியிருந்தது. இங்கே வந்ததிலிருந்து தினமும் இரண்டு மணி நேரம் அதன் பக்கத்தில்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

“இன்னிக்கு வெள்ளிக்கிழமை” என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

“எனக்கு ஏதுடா வெள்ளி, செவ்வா? லட்சுமி என்னை விட்டுப் போயே ஒன்பது வருஷம் ஆச்சு. வெட்டுடா.”

மாசிலாமணி புத்தகத்தை மூடினார். அடையாளத்துக்குத் தாள் வைக்கவில்லை. எழுந்து போய்த் தன் பைக்குள் கைவிட்டு, மடித்த கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு சின்ன நகவெட்டி. எட்டு மாதமாக அது அப்படியே இருந்தது.

“இதுவா?” என்றார் கோதண்டம். “எலிப் பல்லாட்டம் இருக்கு. என் நகத்துக்கு அரிவாமணை வேணும்.”

தாண்டவராயன் எழுந்து போனார். ஒரு பேசினில் வெந்நீர் கொண்டுவந்து கட்டிலோரத்தில் ஸ்டூல் போட்டு வைத்தார். கோதண்டத்தைச் சாய்த்து உட்காரவைத்து, வலது காலைத் தூக்கி அதில் விட்டார். ஊறட்டும் என்று மூவரும் காத்திருந்தார்கள்.

பிறகு மாசிலாமணி குனிந்தார். அவருக்கும் மூச்சு இடம் தரவில்லை. தரையில் உட்கார்ந்து, காலை மடியில் வாங்கிக்கொண்டார். நகம் ஒரேயடியாக வெட்டுப்படவில்லை. ஓரத்திலிருந்து துளித் துளியாகக் கடித்து எடுக்கவேண்டியிருந்தது. கட்டைவிரலுக்கே வெகுநேரம் பிடித்தது. வேர்வை கண்ணில் இறங்கியது. மூன்றாவது விரலில் அவர் கை நின்றது.

“சாமி.”

“சொல்லுங்க.”

“காதுல விழுந்துச்சு.”

தாண்டவராயன் பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“நகந்தான் சாமி கேட்டா. இடது காலை மட்டும் வெட்டி விடுங்கன்னு கேட்டா. நல்லா காதுல விழுந்துச்சு. இன்னும் எத்தன பக்கம் இருக்குன்னு புரட்டிப் பாத்துட்டுத்தான் இருன்னு சொன்னேன். பதினொரு பக்கம்.”

கோதண்டம் அவர் தலையைக் குனிந்து பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்தார்.

மாசிலாமணி நாலாவது விரலை முடித்தார். சுண்டுவிரலில் சுற்றியிருந்த நூலைப் பிரித்து எடுத்துவிட்டு அதையும் முடித்தார். உள்ளங்கையால் காலைத் துடைத்தார்.

“இப்ப சொல்லுங்க. கையில வேலையோடதான் கேக்குறேன். அவ என்னை மன்னிச்சிருப்பாளா?”

தாண்டவராயன் துண்டை எடுத்து அந்த வலது காலை விரல் இடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்தார். கட்டிலின் மேல் தூக்கி வைத்துப் போர்வையை இழுத்துவிட்டார்.

“எனக்குத் தெரியலீங்க ஐயா” என்றார்.

மாசிலாமணி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தார். சிதறிக் கிடந்த நகத்துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கைக்குட்டையில் போட்டார்.

“டேய்” என்றார் கோதண்டம். வழக்கமான சத்தம் இல்லை. “அந்தக் காலு செத்தது. நீ எப்படி வெட்டுனாலும் தெரியாது. இதுக்கு எல்லாம் தெரியும். பாத்து வெட்டு.”

தாண்டவராயன் பேசினை இந்தப் பக்கம் நகர்த்தினார். தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தார்.

“ஆறிக்கிட்டிருக்குங்க ஐயா” என்றார். “இடது கால் இருக்கு.”

அதில் ஐந்து நகங்கள் இருந்தன.