பெட்டிக்கு நாடி பார்த்தவர்

"அம்மா, அது ரொம்ப நாள் தாங்காது போலங்க" என்றார் மதியழகன்.

திலகவதியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எது?"

"கேம் பெட்டிங்கம்மா."

"எப்படித் தெரியும்?"

"சத்தம் மாறிப்போச்சுங்க."

"ஓ" என்றார் அம்மா. முற்றிய தண்டொன்றைக் கிள்ளித் தனியே போட்டார். அன்றைக்கு அவ்வளவுதான்.

மலையடிவாரத்தில் ஓடையை ஒட்டி இருந்தது அந்தத் தவச்சாலை. அம்மாதான் அங்கே குரு. அம்மாவுக்கும் மதியழகனுக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஐம்பதைத் தாண்டியவர்கள்.

அங்கே சேர வருகிறவர்கள் கையில் இருப்பதை விட்டுவிட்டு வரவேண்டும் என்பது வழக்கம். மதியழகன் வீட்டை விட்டார். ஸ்கூட்டரை விட்டார். கைக்கடிகாரத்தை விட்டார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வளர்த்த மீசையைக்கூட விட்டார். ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியை மட்டும் துண்டில் சுற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

அம்மா துண்டைப் பிரித்துப் பார்த்தார்.

"கூடத்துல டிவி இருக்கு. அதுக்குப் பக்கத்துல வைங்க."

அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று மதியழகன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். எதையும் யோசிக்காமல் விடுகிற ஆளில்லை அவர்.

ஞாயிறு தவறாமல் ஈரோட்டிலிருந்து பஸ் ஏறி அவருடைய மகள் இளவெயினி வருவாள். கூடத்தில் பாயை விரித்து அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கார் பந்தயம் ஆடுவார்கள். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கிய பெட்டி. இப்போது அவள் நூல் மில் ஆபீஸில் வேலை பார்க்கிறாள்.

அவளுடைய அம்மா இறந்தபிறகு இருவருக்கும் நடுவில் பேச்சு வற்றிப்போய்விட்டது. சண்டை ஒன்றும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் திரையைப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார முடிந்தது. அதுவே போதும் என்று இருவரும் இருந்துவிட்டார்கள். போதும் என்று தான் மட்டும்தான் நினைக்கிறோமோ என்று மதியழகனுக்குச் சில சமயம் தோன்றும். அதற்குள் அடுத்த ஆட்டம் தொடங்கிவிடும்.

மறுநாள் கீரை ஆயும்போது அம்மாவே கேட்டார்.

"சத்தம் எப்படி மாறியிருக்கு?"

"முன்னெல்லாம் தூங்கற குழந்தை மூச்சு விடற மாதிரி இருக்கும். இப்ப மாவு மில் மாதிரி இரையுது. மேல கை வச்சா கொதிக்குது. கொஞ்ச நேரம் ஓடினா தானா அணைஞ்சிருது."

"அவ்வளவு நேரம் ஆடறீங்களா?"

"ஆடறதில்லைங்கம்மா. போட்டு விட்டுட்டுக் காது குடுத்துக் கேட்டுட்டிருப்பேன். தினமும்."

சமையல்கட்டிலிருந்து சமையல்காரன் குப்பண்ணனின் குரல் வந்தது. "ஆமாங்கம்மா. காலையில பெட்டிக்கு நாடி பாக்கறாரு. மத்தியானம் ஒருக்கா பாக்கறாரு. நான் வேணா அதுக்கு ரசஞ்சோறு கரைச்சு ஊத்தட்டுங்களா?"

"உன் ரசத்துக்கு நல்ல பெட்டியே நின்னுரும்" என்றார் மதியழகன்.

அம்மா சிரிக்கவில்லை. "நின்னா என்ன?" என்று கேட்டார்.

மதியழகன் கீரைக்கட்டைச் சுற்றியிருந்த வாழை நாரை எடுத்து விரலில் சுற்றினார், பிரித்தார்.

"அப்புறம் எம் பொண்ணு எதுக்குங்கம்மா இங்க வரப்போறா?"

அம்மா கீரையை ஒதுக்கிவைத்தார்.

"திறந்து பாத்தீங்களா?"

"பயமா இருக்குங்க. திறந்தா ஏதாச்சும் ஆயிருமோன்னு."

"யாருக்கு?"

அன்று மத்தியானமே மதியழகன் கிணற்று மோட்டாருக்கு வைத்திருந்த திருப்புளியை எடுத்துவந்து, திருகுகளைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே சந்தனம்.

ஆயுத பூஜையன்று தவச்சாலையில் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். மோட்டார், கிரைண்டர், மண்வெட்டி, குப்பண்ணனின் அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பொட்டு. பெட்டிக்கு மட்டும் மதியழகன் தம் கையாலேயே வைத்தார். ஒரு பொட்டு போதுமென்று மனம் வரவில்லை. பின்பக்கம் வரிசையாக இருந்த துளைகளின்மேல் அகலமாகக் குழைத்துப் பூசினார். திருநீறு பூசிய நெற்றி மாதிரி அழகாகத்தான் இருந்தது. அது காற்று போகிற வழி என்று அன்று அவருக்கு உறைக்கவில்லை. போதாததற்கு, தூசி படியக்கூடாதென்று ஓடும்போதும் துண்டைப் போட்டு மூடிவைத்தார்.

சந்தனம் காய்ந்து, பாளம் பாளமாக இறுகி, துளைகளை அடைத்திருந்தது. உதிர்ந்த துகள்கள் ஃபேனின் இறகுகளில் அப்பியிருந்தன.

ஈர்க்குச்சியால் ஒவ்வொரு துளையாகச் சுரண்டினார். வாயால் ஊதினார். மூடித் திருகுகளை முடுக்கி, சுவிட்சைப் போட்டார்.

பெட்டி மூச்சு விட்டது. சத்தமில்லாமல்.

ஓட்டமும் நடையுமாக அம்மாவிடம் போனார்.

"பொழச்சுக்கிச்சுங்கம்மா! நான் பூசின சந்தனம்தாங்க மூச்சை அடைச்சிருக்கு!"

அம்மா அவருடைய கையைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் மஞ்சள்.

"நல்லாத்தான் பூசியிருக்கீங்க" என்றார். இப்போதுதான் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

மதியழகனும் சிரித்தார். ஆனால் கை கழுவும்போது சிரிப்பு நின்றுவிட்டது. வேறு எதையெல்லாம் இப்படிப் பூசிப் பூசி அடைத்திருக்கிறோம் என்று யோசித்தார். தண்ணீர் வெகுநேரம் மஞ்சளாகவே போய்க்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் மறுபடி வந்து நின்றார்.

"இப்ப சிடியை ஏத்துக்க மாட்டேங்குதுங்க. போட்டா வெளிய தள்ளுது. மறுபடி போட்டா யோசிக்குது. அப்புறந்தான் எடுக்குது."

"இதுக்கும் சந்தனமா?"

"இல்லைங்க. இது வயசு. சிடியைப் படிக்கற கண்ணு உள்ள இருக்கு. அது மங்கிப்போச்சு."

அம்மா மடியில் கிடந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கையிலிருந்த புத்தகத்தைத் திறந்தார். கண் சிரமப்பட, கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். வரி பிடிபட்டதும் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

மதியழகன் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அன்றிலிருந்து பெட்டி சிடியைத் தள்ளினால் அவர் முகம் சுளிப்பதில்லை. "சரி, மெதுவா" என்று சொல்லி மறுபடி போடுவார்.

ஆனால் ஒன்று மிச்சம் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை, பந்தியில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது தாங்காமல் சொல்லிவிட்டார்.

"அம்மா, எனக்குப் பெரிய பயமே வேற ஒண்ணுங்க."

அம்மா மோரை எடுத்துக் குடித்தார்.

"எம் பாப்பாவோட ஜாய்ஸ்டிக் போச்சுங்க. பழசானா அப்படி ஆகும். குச்சியைத் தொடாமலே வண்டி ஒரு பக்கமா இழுத்துட்டுப் போகும். கடைசிச் சுத்து வரைக்கும் முன்னால போவா. முடியறப்ப வண்டி இடது பக்கம் போய்ச் சுவத்துல முட்டி நின்னுரும். சின்ன வயசுலிருந்து அவ எங்கிட்டத் தோத்ததே இல்ல. இப்ப வாராவாரம் நான்தான் ஜெயிக்கறேன்."

"சந்தோஷந்தானே?"

"அந்த நேரத்துல சந்தோஷமாத்தாங்க இருக்கு. அப்புறம் யோசிச்சா கஷ்டமா இருக்கு. சொன்ன பேச்சு கேக்காத வண்டியை எத்தனை வாரம் ஓட்டுவா? சலிச்சுப் போயிரும். அப்புறம் இந்த வாரம் வேலை இருக்குப்பான்னு ஒரு போன் வரும்."

"ஜாய்ஸ்டிக்தான்னு உறுதியா?"

"வேற என்னங்கம்மா இருக்க முடியும்?"

அம்மா கை நீட்டி மதியழகனின் மோர்த் தம்ளரை எடுத்துத் தம் இலைக்குப் பக்கத்தில் வைத்தார். தம்முடையதை அவர் முன்னால் நகர்த்தினார்.

மதியழகன் விழித்தார்.

"குடிங்க."

குடித்தார்.

"எப்படி இருக்கு?"

"புளிக்குதுங்க."

"உங்க தம்ளர்ல குடிச்சது?"

"அதுவும் புளிச்சுது."

அம்மா இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

உள்ளேயிருந்து குப்பண்ணன், "நேத்து உறைக்கு ஊத்தினதுங்க. புளிக்காம தித்திக்குமா?" என்றான்.

மதியழகன் காலி இலைக்கு முன்னால் உட்கார்ந்தே இருந்தார். இரண்டு தம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவசரமாக எழுந்தார். கை காய்ந்து போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இளவெயினி வந்தாள். பையிலிருந்து நிலக்கடலைப் பொட்டலத்தை எடுத்து வைத்தாள். பாய் விரித்தாள். பெட்டி சிடியைத் தள்ளியது, மறுபடி போட்டதும் எடுத்துக்கொண்டது.

அவள் எப்போதும்போல் தன் ஜாய்ஸ்டிக்கை எடுக்கக் கை நீட்டினாள். மதியழகன் முந்திக்கொண்டார்.

"இன்னைக்கு இது எனக்கு. நீ இதைப் பிடி."

"ஏனுங்கப்பா?"

"சும்மாதான்."

பந்தயம் தொடங்கியது. மதியழகன் குச்சியிலிருந்து கட்டைவிரலை எடுத்துப் பார்த்தார். வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. நூல் பிடித்தாற்போல நேராக ஓடியது. மறுபடி எடுத்துப் பார்த்தார். நேராகத்தான் ஓடியது.

இந்த ஜாய்ஸ்டிக்கில் ஒரு கோளாறும் இல்லை.

கடைசிச் சுற்று. இளவெயினியின் வண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தது. நல்ல ஜாய்ஸ்டிக், அவருடைய சொந்த ஜாய்ஸ்டிக், அவள் கையில்.

அதுவரை ஒருநாளும் செய்யாததை மதியழகன் அப்போது செய்தார். ஆட்டத்தின் நடுவே திரையை விட்டுவிட்டு மகளின் கையைப் பார்த்தார்.

அவளுடைய கட்டைவிரல் குச்சியை இடது பக்கம் மெல்லத் தள்ளியது. கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிற மாதிரி, அவ்வளவு பதமாக.

திரையில் வண்டி சுவரில் முட்டுகிற சத்தம் கேட்டது.

"ஐயோ, போச்சு" என்றாள் இளவெயினி. பிறகு பக்கத்தில் திரும்பினாள். அப்பாவின் வண்டி நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தது. அப்பா அவளுடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு."

"ம்."

"வேணும்னேதான் தோக்கறயா?"

அவள் ஒரு கடலையை எடுத்து உடைத்தாள். பருப்பை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளா."

"எதுக்குச் சாமி? அப்பன் பாவம்னா?"

"அட, நீங்க ஒண்ணு." அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "நான் ஜெயிச்சா நீங்க திரையைப் பாத்துட்டே அடுத்த ஆட்டத்தைப் போட்டுருவீங்க. நீங்க ஜெயிச்சீங்கன்னா எம் பக்கம் திரும்பிச் சிரிப்பீங்க."

மதியழகன் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தார். வெளியே ஓடையின் சத்தம் கேட்டது. அது தினமும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

அவள் கையிலிருந்த பருப்பை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதை வாயில் போட்டு மென்றார்.

"பஸ்ல கூட்டமா?" என்று கேட்டார். அதுதான் வந்தது.

"பஸ்ல வரலீங்கப்பா."

"பின்ன?"

"கார்ல. கூட வேலை பாக்கற அக்காவோட கார். பாதி தூரம் நான்தான் ஓட்டிட்டு வந்தேன்."

"நீயா? எப்பக் கத்துக்கிட்ட?"

"ஆடி மாசத்துல. லைசென்ஸுக்குப் போனப்ப எட்டுப் போடச் சொன்னாங்க. நான் ஒம்பது போட்டு வச்சேன். ரெண்டாம் வாட்டிதான் குடுத்தாங்க."

"எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"எந்தச் சுத்துல சொல்றதுங்கப்பா?"

அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவள் அந்த அக்காவைப் பற்றிச் சொன்னாள். மில்லுக்குப் புதிதாக வந்த மேனேஜர் போனில் பேசும்போதும் எழுந்து நின்று கும்பிடுவதை நடித்துக் காட்டினாள். தன் அம்மாவின் பச்சைப் புடவையைத் தைக்கக் கொடுத்துச் சுடிதாராக்கிக்கொண்டதைச் சொல்லிவிட்டு, கோபமா என்று கேட்டாள். போட்டுக்கொண்டு வராமல் போனாயே என்றார் அவர். கடலைத் தோல் பாய் முழுக்கச் சிதறிக் கிடந்தது.

வாசலில் நிழல் விழுந்தது. திலகவதியம்மா நின்றுகொண்டிருந்தார்.

"சாப்பிட வாங்க ரெண்டு பேரும். இலை போட்டாச்சு."

"இதோ வந்தாச்சுங்கம்மா" என்றார் மதியழகன், எழுந்திருக்காமல்.

அம்மா கூடத்தை ஒருமுறை பார்த்தார். டிவி இருண்டு கிடந்தது. பெட்டியின் பச்சை விளக்கும் இல்லை.

"பெட்டி எப்ப நின்னுச்சு?"

"நின்னுருச்சுங்களா?" என்றார் மதியழகன்.