மீதிக் கயிறு

கோயம்புத்தூரில் 'ஏறுமுகம்' என்று பெயர் வைத்துச் சுவர் ஏறும் கூடம் ஒன்றைத் திறந்தார் கனகசபாபதி. உள்ளே சுவர் நாற்பது அடி. வெளியே கூட்டிப்போகும் பாறை அறுபது அடி. கீழே நின்று கயிறு பிடிக்கிற வேலை பிலோமினாவுக்கு.

"ரெண்டுக்கும் ஒரே கயிறு. அறுபது அடி போதும்" என்றார்.

"ஏறினவங்க இறங்கவும் வேணுமுங்க சார். கயிறு உச்சி வளையத்துல திரும்பிக் கீழே வரணும். நூத்திமுப்பது அடியாவது வேணுங்க."

"எனக்கே கணக்கா? ஒரு அடி கூடினாலும் உனக்கு வேலை கிடையாது."

திறப்பு விழாவுக்கு மறுநாள் ஏறப்போவது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். பிலோமினா அறுபது அடியே வாங்கினாள். நுனியில் முஷ்டி பெரிசுக்கு ஒரு முடிச்சும் போட்டாள். "விழாவுல முதல்ல முதலாளி ஏறினாத்தானுங்க கௌரவம்" என்றாள்.

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. விருந்தாளிகள் கைதட்ட, இடுப்பில் கட்டிய கயிற்றோடு நாற்பது அடிச் சுவரில் ஏறினார். உச்சி வளையத்தில் அதை மாட்டி, எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டார். பிலோமினா மெல்ல இறக்கினாள். பாதியில் முடிச்சு வந்து அவள் கையில் முட்டியது. காயப்போட்ட வேட்டி மாதிரி அந்தரத்தில் ஆடினார் முதலாளி.

"ஏய், இறக்கு!"

"கயிறு தீந்துபோச்சுங்க சார்."

"மீதி எங்கே?"

"கடையில இருக்குங்க சார்."

கூடமே சிரித்தது.

"நூத்திமுப்பதே வாங்கித் தொலை! முதல்ல ஏணியைக் கொண்டா!"

இருபது அடி ஏணி வந்தது. "இது போதுமா?" என்றார்.

"ஏற இருபது, இறங்கவும் அதே இருபதுதானுங்க சார். ஏணிக்கு உங்க கணக்கு ரொம்பச் சரி."