தவிட்டு விலை

"ஊர்ப் பசிக்கு வானத்தைக் குறை சொல்லி என்ன செய்ய, தாயே? இவர்கள் பெற்றுக்கொண்டே அல்லவா இருக்கிறார்கள்?"

கஞ்சி அகப்பையைக் கழுவிக் கவிழ்த்தபடி சிவக்கொழுந்து கேட்டார்.

மூன்றாவது வருஷமும் மழை ஏமாற்றிவிட்டது. மடத்து வாசலில் கொப்பரை ஏற்றித் தலைக்கு ஒரு கிண்ணம் கஞ்சி ஊற்றினார்கள். ஊற்றுகிறவர் சிவக்கொழுந்து. டவுனில் முப்பது வருஷம் வாத்தியாராக இருந்துவிட்டு ஞானம் தேடி வந்தவர். அவருடைய குரு நாச்சியம்மைக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு.

"யார் பெற்றது?" என்றாள் நாச்சியம்மை.

"கல்லுடைக்கிற வீராயி. ஏற்கெனவே நாலு. முந்தாநாள் அஞ்சாவது. அவள் புருஷன் வந்து, கஞ்சியோடு ஒரு பிடி தவிடும் வேணுமாம். 'உன் வீட்டில் மாடுகூட இல்லையேடா, தவிடு எதுக்கு? அஞ்சாவதுக்குத் தீனி வைக்கவா?' என்றேன். வரிசையே சிரித்தது."

"அவன்?"

"அவனும் சிரித்தான்."

நாச்சியம்மை சிரிக்கவில்லை.

"வீட்டுக்கு மூன்று பிள்ளைக்குத்தான் கஞ்சி என்று பலகை எழுதி வைத்திருக்கிறேன், தாயே. உத்தரவு கொடுத்தால் நாளைக்கே மாட்டிவிடுவேன். எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான். அந்தக் காலத்திலேயே என் அப்பா அம்மாவுக்கு அளவு தெரிந்திருந்தது."

அவள் எழுந்து உள்ளே போனாள். கொட்டாங்கச்சி நிறையத் தவிடு கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"வீராயியிடம் கொடுங்கள், அய்யா. அவள் தருவதை வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் எத்தனை என்று எண்ணிவிட்டு வாருங்கள். பலகையை அப்புறம் பார்ப்போம்."

கல்குழி ஓரத்தில் குடிசை.

வாசலில் பத்து வயசுப் பையன் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தான். தலையில் குடமும் இடுப்பில் ஒரு குழந்தையுமாக ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். தண்ணீருக்குப் போய்வர மூன்று மைல். அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று.

நாலு, என்று எண்ணிக்கொண்டார்.

உள்ளே சாக்கில் படுத்திருந்த வீராயி பச்சை உடம்போடு எழுந்து உட்கார்ந்தாள். தவிட்டைக் கண்டதும் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கொட்டாங்கச்சியை வாங்கித் தலைமாட்டில் வைத்தாள். பழந்துணியில் சுற்றியிருந்த சிசுவைத் தூக்கி அவர் கையில் போட்டாள்.

"வித்தாச்சு சாமி. இனிமே இது உங்க பிள்ளை."

"என்னம்மா இது கூத்து?"

"பயப்படாதீங்க, எங்கிட்டயே வளக்கக் குடுத்துட்டுப் போங்க. ஆனா பிள்ளை உங்களுதுதான். தவிட்டு விலைக்குப் போனதுன்னா எமன் மதிக்க மாட்டான். தொடாமப் போயிடுவான்."

"நாலு இருக்கே உனக்கு. போதாதா?"

"இதோட ஒம்பது பெத்தேன் சாமி."

வெளியே சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"காய்ச்சல்ல ரெண்டு. கல்லு சரிஞ்சு ஒண்ணு. ஒண்ணுக்குப் பேரே வைக்கல. எது தங்கும்னு முன்கூட்டி ஒரு ஆளு சொல்லியிருந்தா, அதுங்கள மட்டும் பெத்திருக்க மாட்டேனா? தங்கினவன் ஜல்லி உடைக்கிறான், அதனால அரை வயிறாவது நிறையுது. நாளைக்கு என் கை ஓஞ்சுபோனா யாரு சாமி கஞ்சி ஊத்துவா? உங்க மடமா?"

சிசு அவர் விரலைப் பற்றிக்கொண்டது.

"எங்க அம்மாவும் சொல்லுவா," என்றார், எதையாவது சொல்ல வேண்டுமே என்று. "நான் அடம்பிடிச்சா, 'உன்னைத் தவிட்டுக்குத்தாண்டா வாங்கினேன்'னு சொல்லுவா. நான் அழுவேன். அவ சிரிப்பா. சும்மா விளையாட்டுக்கு."

வீராயி அவர் முகத்தையே பார்த்தாள்.

"உங்களுக்கு முன்னாடி எத்தனை போச்சு சாமி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பொழுது சாயும்போதுதான் அவர் மடத்துக்குத் திரும்பினார். சுவரில் சாத்தியிருந்த பலகையை எடுத்துக் கொப்பரை அடுப்பில் செருகினார். அது பற்றுகிறவரைக்கும் ஊதினார்.

நாச்சியம்மை வந்து பக்கத்தில் நின்றாள்.

"எண்ணினீர்களா, அய்யா?"

"வீராயிக்கு ஒம்பது."

அவள் நகரவில்லை.

அவர் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஆடி அமாவாசைக்கு எங்க அம்மா கொல்லைப்பக்கம் சின்னச் சின்ன இலையாப் போட்டுப் பால்சோறு வைப்பா. 'யாருக்கும்மா?'ன்னு கேட்டா, 'காக்காய்க்கு'ம்பா. அவ போய் இருபது வருஷம் ஆச்சு."

புகை கண்ணைக் கரித்தது.

"எத்தனை இலைன்னு நான் எண்ணினதே இல்ல, தாயே."