ஏகாம்பரநாதனின் செட்டிங்

“இந்த சென்சார் போர்டு செத்துப்போச்சு. மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்புங்க!” ஓசூர்த் தொழிற்சாலையில் ஆலோசகர் ஏகாம்பரநாதன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். வயரில் ஓடும் சிக்னலைப் படித்துச் சொல்லவேண்டிய டிகோடர், லாஜிக் அனலைசர் என்ற சோதனைக் கருவியின் திரையில் வெறும் பிழைகளையே கொட்டியது.

போர்டு செய்த சிறு கம்பெனியின் மங்கையர்க்கரசி, “நான் ஒரு தடவை பார்க்கட்டுமா சார்?” என்றாள்.

“பாரும்மா. ஆனா நான் போட்ட செட்டிங்கைத் தொடக் கூடாது.”

அவள் கணினிப் பக்கமே போகவில்லை. போர்டின் வயர்களில் மாட்டியிருந்த அனலைசரின் இரண்டு கிளிப்புகளைக் கழற்றி, இடம் மாற்றி மாட்டினாள். திரையில் சென்சார் அளந்த வெப்பநிலை ஒழுங்காக ஓடியது.

“பார்த்தீங்களா, என் செட்டிங் சரிதான்!”

“சரிதான் சார். ஆனா அதுல தாளம் போடுற கிளாக் வயருக்கு டேட்டான்னும், தகவல் கொண்டுவர்ற டேட்டா வயருக்குக் கிளாக்னும் பேர் வெச்சிருந்தீங்க. பேரைத் தொடக் கூடாதுன்னுட்டீங்க, அதான் ஆளை மாத்தி உட்கார வெச்சேன்.”

தொழிற்சாலை முதலாளி சிரித்தபடியே, திருப்பி அனுப்பவிருந்த சரக்கை இறக்கச் சொன்னார். ஏகாம்பரநாதன் மட்டும் அந்த செட்டிங்கை இன்றுவரை மாற்றவில்லையாம்.