கால்மேல் உட்கார்ந்த பை

ஊர் நிலத்தையெல்லாம் ஆண்ட மிட்டாதாரின் குதிரை செத்துப்போனது. பழி, லாயக்காரன் கொம்பையாவோடு அதைப் பார்த்துக்கொண்ட அவன் தம்பிமேல் விழுந்தது. தம்பியைத் தானியக் குழிக்குள் இறக்கிக் கல்லை மூடிவிட்டார்கள். அப்படி ஒரு இருட்டை ஆண்டவன் யாருக்கும் காட்டக் கூடாது.

கொம்பையா ஓடிவந்து மிட்டாதார் காலில் விழுந்தான். அவன் மடியிலிருந்து வரகு அடைத்த துணிப்பை ஒன்று உருண்டது. வேலை ஓய்ந்தால் அதைக் கீழே விழாமல் காலால் தட்டித் தட்டி விளையாடுவான்.

"ஓகோ, வித்தைக்காரனாடா நீ? நான் இந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்கும்வரை பை தரையில் படக்கூடாது. பட்டால் உன் தம்பி குழியிலேயே கிடப்பான்" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டு, மிட்டாதார் ஒரு செம்பு மோரைக் குடித்தார்.

கொம்பையா முழங்காலை லேசாக மடக்கி, கண்ணைப் பையைவிட்டு எடுக்காமல் தட்டினான். ஒருமுறை பை இறங்கும்போது காலும் அதோடு சேர்ந்தே இறங்கியது, தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துகிற மாதிரி. பை புறங்காலில் உட்கார்ந்தது. காலை ஊன்றிச் சும்மா நின்றான்.

"ஏன்டா நிறுத்திட்டே?"

"பை என் கால்மேலதானே இருக்கு, சாமி. தரையில படலையே. நீங்க சௌகரியமா உட்காருங்க."

வெயில் ஏறியது. இன்னொரு செம்பு மோர் உள்ளே போனது. மிட்டாதார் நெளிந்தார், பல்லைக் கடித்தார். கடைசியில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினார். சிரிக்க யாருக்கும் தைரியமில்லை.

"சாமி எந்திரிச்சுட்டாங்க. கல்லை எடுங்க" என்றான் கொம்பையா.

தம்பி உயிரோடுதான் வந்தான். ஆனால் வெளிச்சத்தைக் கண்டதும் முகத்தைப் பொத்திக்கொண்டு அலறினான். கொம்பையா அவனை முதுகில் தூக்கிக்கொண்டு, பையைக் காலால் கடைசியாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஊரைவிட்டே போனான்.

மிட்டாதார் திரும்பி வந்தபோது, பை அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.