ஸ்டீயரிங்கில் கொஞ்சம் ஆட்டம்

ஊசிப்பாறைக்கு பஸ் கிடையாது. அடிவாரத்திலிருந்து ஏழு கிலோமீட்டர், கல்லும் குழியுமாக ஏறுகிற பாதை. ஜீப் மட்டும்தான் போகும். ஊருக்கு இருந்ததும் ஒரே ஜீப். அது வீரணனுடையது.

மூன்று மாதமாக அதில் ஒருவரும் ஏறவில்லை. ஆட்கள் நடந்து இறங்கினார்கள். ஏலக்காய் மூட்டைகள்கூட மட்டக்குதிரை மேல் இறங்கின.

பொங்கல் கழிந்த வாரத்தில் அது நடந்தது. இறக்கத்தில் முன்சக்கரம் ஒரு கல்லில் மோதியது. ஸ்டீயரிங் வீரணனின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு சுழன்றது. அதன் கம்பி அவருடைய இடது கட்டை விரலை முறித்தது. ஜீப் பாதையோர மண்கரையில் ஏறிச் சாய்ந்தது. உள்ளே ஆறு பேர். ஐந்து பேருக்குச் சிராய்ப்பு. அங்கன்வாடி டீச்சர் ரமணிக்குக் கை எலும்பு முறிந்தது.

விரல் கட்டு அவிழ்த்த மறுநாள் வீரணன் ஜீப்பை ஊர்ந்து ஊர்ந்து இறக்கி, போடிக்கு வெளியே ஜெயக்கொடியின் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினார்.

ஜெயக்கொடிக்கு முப்பத்து நாலு வயது. கோயம்புத்தூரில் பந்தய வண்டி செய்கிற இடத்தில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவள். மலை ஏறுகிற வண்டி என்றால் சுற்று வட்டாரத்தில் அவள் பெயரைத்தான் சொல்வார்கள். அதிகம் பேசமாட்டாள்.

"பவர் ஸ்டீயரிங் போடணும் தாயி" என்றார் வீரணன்.

அவள் ஜீப்பை ஒருமுறை சுற்றி வந்தாள். இடுப்பு உயரத்துக்கு டயர்கள். அதற்குத் தக்கபடி வண்டியையே நாலு அங்குலம் தூக்கி வைத்திருந்தது.

"டயர் எப்பப் போட்டீங்க?"

"ரெண்டு வருசம் ஆச்சு. கல்லு தட்டாமப் போகும்னு போட்டேன். ஊரே வந்து நின்னு பாத்துச்சு."

"ஸ்டீயரிங்?"

"அது பழசுதான்."

"காலை மாத்தியிருக்கீங்க. கையை மாத்தல."

வீரணன் தலையாட்டினார்.

"அன்னிக்கு யாரு ஓட்டினது?"

"நான்தான். ஆனா வண்டி இழுத்துருச்சு தாயி."

அவள் ஜாக்கியை எடுத்து வந்து முன்பக்கத்தைத் தூக்கினாள். தொங்கிய சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினாள். உள்ளே ‘டொக் டொக்’ என்றது.

"இந்தச் சத்தம் எத்தனை நாளா?"

வீரணன் யோசித்தார். "டயர் போட்டதுலேர்ந்து இருக்கும்போல. கவனிக்கல."

"பன்னெண்டு நாள் ஆகும். நீங்க கூட இருந்து வேலை செய்யணும்."

"எனக்கு ஓட்டத்தான் தெரியும்."

"மேல போய் நின்னா நான் வரமாட்டேன். நீங்கதான் பாக்கணும்."

இப்படித்தான் வீரணன், தன்னைவிட இருபத்திரண்டு வயது இளையவளிடம் தொழில் படிக்க உட்கார்ந்தார். முதல் நாள் கிண்டலாக ‘வாத்தியாரம்மா’ என்று கூப்பிட்டார். மூன்றாம் நாள் கிண்டல் போய்விட்டது. பெயர் நின்றுவிட்டது.

தேய்ந்துபோன மூட்டுகளைக் கழற்றினார்கள். பழைய ஸ்டீயரிங் பெட்டியை இறக்கினார்கள். புதுப் பெட்டி உட்காருகிற இடத்தில் சேசிஸுக்கு உள்ளும் புறமும் இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். என்ஜினோடு எண்ணெய் பம்பைப் பொருத்தி, பெல்ட் மாட்டி, குழாய்களை இழுத்தார்கள். உயர்ந்துபோன வண்டியில் சாய்ந்து கிடந்த, ஸ்டீயரிங் பெட்டியையும் சக்கரத்தையும் இணைக்கிற நீளக் கம்பியைச் சமமாக்கினார்கள். கல்லில் அடிபட்டால் உதறலைத் தாங்கிக்கொள்ள ஒரு டேம்பரைக் குறுக்கே கட்டினார்கள்.

வேலையோடு வேலையாக வீரணன் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

"இது போட்டா வண்டி என் சொல்லைக் கேக்குமா வாத்தியாரம்மா?"

"அந்தப் பதிமூணாம் நம்பர் ஸ்பேனரை எடுங்க" என்பாள் அவள்.

ஒன்பதாம் நாள் எல்லாம் கூடியது. என்ஜினை ஓடவிட்டு வீரணன் உட்கார்ந்தார். இரண்டு ஆள் பலம் கேட்ட ஸ்டீயரிங் ஒரு விரலுக்குச் சுழன்றது. அவர் சிரித்தேவிட்டார். மூன்று மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

அப்புறம் ஸ்டீயரிங்கை நேராக வைத்து மெல்ல இடம் வலமாக அசைத்தார். முகம் மாறியது.

"ஆடுதே."

"எவ்வளவு?"

"விரல்கடை அளவு. அசைக்கிறேன், சக்கரம் அசையல."

"அவ்வளவு இருக்கும்."

"இருக்கக் கூடாது வாத்தியாரம்மா." அவர் கீழே இறங்கிவிட்டார். "அன்னிக்கும் ஆடுச்சு. இப்பவும் ஆடினா நான் எப்படி மனுசங்கள ஏத்துறது? மயிரிழைகூட ஆட்டம் இல்லாம செய்ய முடியுமா, முடியாதா?"

"முடியும்."

அவள் திருப்புளியையும் ஸ்பேனரையும் அவர் கையில் கொடுத்தாள். ஸ்டீயரிங் பெட்டியின் தலையில் ஒரு சிறு திருகாணி இருந்தது. அதைக் காட்டினாள்.

"வலது பக்கம் திருப்பினா ஆட்டம் குறையும். நீங்களே வைங்க. உங்களுக்குத் திருப்தி ஆகுற வரைக்கும்."

வீரணன் திருப்பினார். ஏறி அசைத்துப் பார்த்தார். இறங்கி மறுபடி திருப்பினார். நாலாவது தடவையில் ஆட்டம் அறவே நின்றது. ஸ்டீயரிங்கும் சக்கரமும் ஒரே இரும்பில் வார்த்ததுபோல ஆகிவிட்டன.

"இதுதான் எனக்கு வேணும்."

"சரி. கண்மாய்க்குப் போவோம்."

பட்டறைக்குப் பின்னால் கண்மாய் வற்றிக் கிடந்தது. தரை வெடித்துக் காய்ந்திருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரத்துக்கு மரமோ மட்டையோ இல்லை. ஜெயக்கொடி கரைமேல் நின்றுகொண்டாள்.

"இருபதுக்கு மேல போகாதீங்க. அந்தக் கோடி வரைக்கும் நேராப் போய், திரும்பி வாங்க."

வீரணன் கிளம்பினார். பத்தடி போவதற்குள் வண்டி லேசாக இடது பக்கம் ஒதுங்கியது. வலப்பக்கம் திருப்பினார். இப்போது வலப்பக்கமே போனது. இடப்பக்கம் இழுத்தார். இடப்பக்கமே போனது. திருப்பிய இடத்தில் ஸ்டீயரிங் அப்படியே நின்றது. விட்டால் நிமிரவில்லை. கோடியில் வளைத்தபோது வண்டி வட்டமடிக்கத் தொடங்கிவிட்டது. அவர் இரண்டு கையாலும் பிடித்து இழுத்து நிமிர்த்தினார். நிமிர்ந்தது, தாண்டியது, மறுபுறம் சாய்ந்தது.

அவர் திரும்பி வந்து நின்றபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மண்ணில் டயர் தடம் சாரைப்பாம்புபோல நெளிந்து கிடந்தது.

"ஆட்டம் இருந்துச்சா?" என்று கேட்டாள் ஜெயக்கொடி.

"இல்ல."

"நேராப் போச்சா?"

வீரணன் தன் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கரையிலிருந்து இறங்கி வந்தாள். பானெட்டைத் திறந்து, திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள். ஸ்டீயரிங்கை ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். இன்னும் கால் சுற்று தளர்த்தினாள். பூட்டு நட்டை இறுக்கினாள்.

"இப்பப் போங்க. கட்டை விரலை உள்ள கொடுக்காதீங்க. வெளியிலயே இருக்கட்டும். கோடியில வளைச்சதும் பிடியைத் தளர்த்துங்க."

"தளர்த்தினா?"

"தளர்த்திப் பாருங்க."

கோடிவரை அவர் பற்களைக் கடித்துக்கொண்டே போனார். வளைத்தார். பிடியைத் தளர்த்த விரல்கள் கேட்கவில்லை. இரண்டாம் முறை வளைத்தார். அப்போதும் முடியவில்லை. மூன்றாம் முறை, கண்ணை ஒரு கணம் மூடிக்கொண்டு, விரல்களை விரித்தார்.

ஸ்டீயரிங் அவருடைய உள்ளங்கைக்குள் வழுக்கிச் சுழன்றது. தானாக நிமிர்ந்தது. வண்டி நேராக ஓடியது.

அவர் கரைக்குத் திரும்பி வரவே இல்லை. வளைத்தார், விட்டார். வளைத்தார், விட்டார். ஜெயக்கொடி கரைமேல் உட்கார்ந்து கொண்டாள். அரை மணி நேரம் கழித்துத்தான் வந்து நிறுத்தினார்.

"தானா வருது வாத்தியாரம்மா."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. கையை விட்டேன்."

"நாளைக்கு மலைக்குப் போவோம்" என்றாள் அவள்.

மறுநாள் காலை இருவரும் கிளம்பினார்கள். அடிவாரத்தில் வீரணன் கீழ்க் கியருக்கு மாறி, நாலு சக்கரத்துக்கும் இழுவையைக் கொடுத்தார். பாதை தூக்கலாக ஏறியது. ஜெயக்கொடி பக்கத்து இருக்கையில், ஜன்னல் ஓரம் முழங்கையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். வீரணன் ஓட்டுவதை ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நாலாவது கிலோமீட்டரில் அந்த இடம் வந்தது. கரையில் ஜீப் சாய்ந்த தழும்பு இன்னும் இருந்தது. வீரணனின் விரல்கள் தாமாகவே இறுகின. பிறகு, தாமதமாக, கொஞ்சம் தளர்ந்தன.

முன்சக்கரத்தில் ஏதோ தட்டியது. ஸ்டீயரிங் ஒரு துடிப்புத் துடித்து அடங்கியது. வீரணன் உடனே நிறுத்திவிட்டார்.

"என்ன?" என்றாள் ஜெயக்கொடி.

"கல்லு."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். தேங்காய் அளவு இருக்கும். உருளாது, பதிஞ்ச கல்லு."

"பாத்தீங்களா?"

"இல்ல. கையில தெரிஞ்சுது."

அவள் இறங்கிப் போய்ப் பார்த்தாள். இடது சக்கரத்தடியில், பாதி மண்ணுக்குள் புதைந்து, தேங்காய் அளவில் ஒரு கல் இருந்தது. திரும்ப வந்து ஏறிக்கொண்டாள்.

"அன்னிக்கும் வண்டி சொல்லியிருக்கும்" என்றார் வீரணன். பாதையைப் பார்த்தபடியே சொன்னார். "கொஞ்ச நாளாவே சொல்லிக்கிட்டு இருந்திருக்கும். நான்தான் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஓட்டியிருக்கேன். ரமணி டீச்சர் கையை வண்டி உடைக்கல. நான்தான் உடைச்சேன்."

வீரணன் ஸ்டீயரிங்கை அரை வட்டம் திருப்பினார். சக்கரம் கல்லை விட்டு விலகியது. ஜீப் ஏறியது.

அடுத்த வளைவைத் தாண்டியதும், முன்னால் ஒருத்தி நடந்து போய்க்கொண்டிருந்தாள். தலையில் சும்மாடு, அதன்மேல் ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிய மூன்று அட்டை முட்டை. ஒரு கையால் பிடித்திருந்தாள். மற்றக் கையைத் தூக்காமல் பக்கவாட்டில் தொங்கவிட்டிருந்தாள்.

ரமணி டீச்சர். அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கான முட்டையை அடிவாரத்தில் வாங்கிக்கொண்டு ஏறுகிறாள்.

ஜீப் சத்தம் கேட்டு அவள் பாதையின் ஓரத்துக்கு நன்றாக ஒதுங்கிக்கொண்டாள். வீரணன் பத்தடி பின்னாலேயே நிறுத்தி, என்ஜினை அணைத்து, இறங்கினார். மூன்று மாதத்தில் அவர் அவளுக்கு நேரே போய் நிற்பது அதுவே முதல் தடவை.

"டீச்சர்."

"சொல்லுங்கண்ணே."

"அன்னிக்கு வண்டி மேலதான் தப்புன்னு எல்லார்ட்டயும் சொன்னேன். அப்படி இல்ல. தேஞ்சுபோன வண்டின்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நான் பாக்கல. மன்னிச்சுருங்க."

ரமணி அவரைப் பார்த்தாள். பிறகு ஜீப்பைப் பார்த்தாள். உள்ளே இருந்த பெண்ணையும் பார்த்தாள்.

"இப்ப சரியாயிருச்சா? இனிமே ஆடாதா?"

வீரணன் வாயைத் திறந்தார். ஆடாது என்று சொல்லத்தான் மூன்று மாதமாகக் காத்திருந்தார்.

"ஆடும் டீச்சர்" என்றார். "கல்லுப் பட்டா ஆடத்தான் செய்யும். ஆனா இப்போ கையை விட்டுப் பிடுங்காது. கல்லுப் பட்டதுமே எனக்குக் கையில தெரியுது. மெதுவாத்தான் ஓட்டுவேன்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ரமணி குனிந்து சும்மாட்டோடு சுமையை இறக்கினாள்.

வீரணன் அவசரமாகப் போய்ப் பின்கதவைத் திறந்து, இருக்கையைத் துண்டால் துடைத்தார்.

ரமணி மூன்று அட்டைகளையும் இருக்கையில் வைத்தாள். சும்மாட்டுத் துணியைப் பிரித்து அட்டைகளைச் சுற்றி அணைகொடுத்தாள். கதவைச் சாத்தினாள்.

"நீங்க ஏறலயா டீச்சர்?"

"நான் நடந்து வர்றேன். நீங்க போங்க. தொண்ணூறு முட்டை இருக்கு."

சொல்லிவிட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றாள்.

வீரணன் வந்து உட்கார்ந்தார். சாவியைத் திருப்பவில்லை. கண்ணாடியில் ரமணியின் பாதி உருவம் தெரிந்தது.

"பாத்தீங்களா வாத்தியாரம்மா" என்றார். "அவங்க இன்னும் என்னை நம்பல."

ஜெயக்கொடி பின்னால் திரும்பி, துணி சுற்றிய அட்டைகளைப் பார்த்தாள்.

"முட்டையைக் குடுத்திருக்காங்களே அண்ணே" என்றாள்.